காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றும் முன்

போன வாரம் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. ஏசி போட்டால் ஐந்து நிமிடம் சுமாரான குளிர், அப்புறம் வெறும் காற்று. "நானே டின் வாங்கி கேஸ் ஏத்தினேன் அண்ணே, முள்ளு பச்சையிலதான் நிக்குது" என்றார் வண்டிக்காரர். உள்ளே இருந்த கேஸை மெஷினில் உறிஞ்சி எடை பார்த்தேன். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த லேபிள்படி 480 கிராம் இருக்க வேண்டும். வந்தது 800 கிராமுக்கு மேல்.

அவர் வண்டியில் கேஸ் குறையவே இல்லை. கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரூட்டும் பகுதிக்கு விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு அடைத்திருந்தது. அந்த அடைப்பைத் தாண்டி கேஸ் சரியாகப் போகாததால் லோ சைடில், அதாவது வால்வுக்கு அப்புறம் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் வரை உள்ள பக்கத்தில், அழுத்தம் இறங்கிவிட்டது. டின்னோடு வரும் கேஜ் (அழுத்தம் காட்டும் மானி) லோ சைடை மட்டும்தான் காட்டும். முள் கீழே கிடந்ததைப் பார்த்து, கேஸ் இல்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அவ்வளவு நேரமும் கம்ப்ரசரிலிருந்து வால்வு வரை உள்ள ஹை சைடில் அழுத்தம் எகிறிக்கொண்டிருந்தது. பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால் கம்ப்ரசர் பிழைத்தது.

இது அவருடைய தப்பு என்று சொல்ல மாட்டேன். பச்சை, சிவப்பு என்று வண்ணம் அடித்த ஒரு கேஜைக் கையில் கொடுத்தால் யாரும் அதைத்தான் நம்புவார்கள். ஆனால் வெளியே எவ்வளவு வெயில், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் ஃபேன் ஓடுகிறதா, கம்ப்ரசர் எந்த வகை என்பதைப் பொறுத்து அந்த முள் மாறும். அதை வைத்து எத்தனை கிராம் இருக்கிறது என்று எங்களாலும் சொல்ல முடியாது. அதனால்தான் முழுவதையும் எடுத்துவிட்டு, லேபிளில் உள்ள எடையை அளந்து ஏற்றுகிறோம்.

கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருளும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதேதான் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம், சரி. ஆனால் போன வருடம் ஏற்றியது இந்த வருடம் இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது. பைப் மூட்டுகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் அப்பிய தூசியும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுகிறது, கேஸ் கசியும்போது அதுவும் கூடவே வெளியே வரும். பல நேரம் மூட்டில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினால் வேலை முடிந்துவிடும். அதைச் செய்யாமல் மேலே மேலே ஏற்றினால் அத்தனையும் காற்றில்தான் போகும். பல கார் ஏசிகளில் உள்ள ஆர்-134ஏ கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

லீக் அடைக்கும் மருந்து கலந்த டின்னை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் இறுகுவதுதான் அந்த மருந்தின் குணம். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேயே இறுகிவிடும். டின்னின் ஹோஸை, அதிலுள்ள காற்றை வெளியேற்றாமல் மாட்டினாலே ஈரக்காற்று உள்ளே போய்விடும். அந்த ஈரம் வால்வில் பனியாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். நாங்கள் அரை மணி நேரமாவது வாக்யூம் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது இதற்காகத்தான்.

எல்லா வண்டிக்கும் ஒரே கேஸும் இல்லை. பழைய வண்டிகளில் ஆர்-134ஏ, புதியவை பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். பின்னது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. ஒன்றில் மற்றதை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகவே கேஸ் ஏற்றும் வாயின் அளவை மாற்றி வைத்திருக்கிறார்கள், அடாப்டர் போட்டு மாட்டாதீர்கள். ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் டின்னைக் கையிலேயே எடுக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. சாதாரண கார் ஏசிக்கான பிஏஜி என்ற கம்ப்ரசர் ஆயில் கலந்த கேஸ் உள்ளே போனால் அந்தக் கம்ப்ரசரின் மின்காப்பு கெட்டுவிடும்.

ஒருவர் விரலைப் பார்த்திருக்கிறேன். ஹோஸைக் கழற்றும்போது திரவமாகவே பீய்ச்சியிருக்கிறது. ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பட்ட இடம் மெழுகு மாதிரி வெளுத்து மரத்துப் போயிருந்தது. இப்படி ஆனால் தேய்க்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி மூச்சை அடைக்கும்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியதும் இருக்கிறது. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கண்டன்சர் முகத்தில் சேறு அடைத்திருக்கிறதா, ஏசி போட்டதும் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் குளிர் இல்லை என்றால் பட்டறைக்கு வாருங்கள். எங்கே போனாலும், "எத்தனை கிராம் எடுத்தீங்க, எத்தனை கிராம் ஏத்தினீங்க, லீக் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் கேஸ் மட்டும் ஏற்றித் தருகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.