ஹார்ட்னஸ் ஏறியது சரி, அடர்த்தி எங்கே?

பிப்ரவரி பிறந்தால் வேலூரில் இருக்கும் எங்கள் உலோக டெஸ்டிங் லேபுக்குப் புரோஜெக்ட் மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அறுத்த செம்புத் துண்டுகள். "சார், ஹார்ட்னஸ் (கடினம்) மட்டும் போட்டுக் குடுங்க, நாளைக்கு ரிவ்யூ." இந்த வாரத்தில் நான்காவது முறையாக இதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நான்காவது தம்பி, கடினம் கூட்டுவதற்காகச் செம்பை உருக்கி, சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான தூளை 5 சதவீதம் போட்டுக் கிளறி வார்த்திருந்தார். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் சோதனையில் வெறும் செம்புக்கு 52, இதற்கு 78. முகமெல்லாம் சிரிப்பு. நான் பிடிவாதமாக, அடர்த்தியைக் கணக்கிடத் துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். தராசின் கடைசி இலக்கம் நிற்கவே இல்லை, மெல்ல ஏறிக்கொண்டே போனது. துண்டின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவில் குமிழிகள் கிளம்பின. துளைகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. வெளியே எடுத்து, உலர்த்தி, மெழுகு பூசி, அந்த மெழுகையும் கணக்கில் கழித்து மறுபடி பார்த்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.40 கிராம். தூளை எடையில் 5 சதவீதம் போட்டதாக வைத்தால் இருந்திருக்க வேண்டியது 8.22. பத்தில் ஒரு பங்கு வெறும் காற்று!

பிறகு 78 எப்படி வந்தது? இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. விக்கர்ஸ் வைரமுனை பதிக்கும் தடம் மிகச் சின்னது. அது கார்பைடு திரண்டு கிடக்கும் இடத்தில் விழுந்தால் எண் எகிறும், வெறும் செம்பில் விழுந்தால் இறங்கும். மூன்று இடத்தில் வைத்து, அதிகம் வந்த இரண்டை எடுத்துச் சராசரி போட்டால் அது அந்தப் புள்ளிகளின் கடினம். உங்கள் பொருளின் கடினம் அல்ல. துண்டு முழுக்கப் பரவலாகப் பத்து இடமாவது வையுங்கள். பெரிய குண்டு பதிக்கும் பிரினெல் இன்னும் நல்லது. குறைந்த எண்ணையும் எழுதுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று. 5 சதவீதம் என்றால் எடையிலா, கன அளவிலா? செம்பின் அடர்த்தி 8.96, சிலிக்கன் கார்பைடுக்கு 3.21. எடையில் 5 போட்டால் கன அளவில் 13-ஐ நெருங்கும். அவ்வளவு தூளை உருகிய செம்பு ஏற்காது, அதில் ஒட்டவும் செய்யாது. தூள் மேலே மிதக்கும், மூலையில் திரளும். கிளறக் கிளறக் காற்றும் உள்ளே போகும்.

செம்பை எதற்காக எடுத்தோம்? மின்சாரம் கடத்தத்தானே! உருக்கிய செம்பில் சிலிக்கன் கார்பைடு சும்மா கிடப்பதில்லை; சிலிக்கன் செம்புக்குள் கரையும். ஒரு சதவீதம் கரைந்தாலே கடத்துத்திறன் பாதிக்கும் கீழே போய்விடும். ஸ்பாட் வெல்டிங் முனைக்கு (தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் முனை) என்று தலைப்பு வைத்துவிட்டு கடத்துத்திறனையே அளக்காமல் வருகிறார்கள். அந்த முனைகளுக்குத் தொழிலில் மிக நுண்ணிய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கலந்த செம்பையும் எடுப்பதுண்டு. அதிலும் அலுமினா ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். அதிகம் போட்டால் அதிகம் பலம் என்ற எண்ணத்தை விடுங்கள்.

உலைப் பக்கம் போகிறவர்களுக்கு: செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். தூளையும் மோல்டையும் கிளறும் கம்பியையும் நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்காமல் உருகிய செம்புக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உலோகம் முகத்தில் தெறிக்க. தூள் நிறுக்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை கட்டினால் போதாது. வேலூர் வெயிலில், அதுவும் உலைக்கு முன்னால், ஏப்ரனும் தோல் கையுறையும் எவ்வளவு கொடுமை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரப்பர் செருப்போடும் அரைக்கைச் சட்டையோடும் வார்க்க நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு இல்லையென்றால் அன்றைக்கு வார்க்க வேண்டாம் தம்பி, ரிவ்யூ தள்ளிப்போனால் போகட்டும்.

அடுத்த முறை வரும்போது, தூளை எடையில் போட்டீர்களா கன அளவில் போட்டீர்களா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடர்த்தியை நான் உங்கள் முன்னாலேயே பார்த்துத் தருகிறேன், அரை மணி நேர வேலைதான்.