‘அட்வகசி’ என்பது பரப்புரை அன்று

சுற்றுச்சூழல் துறையில் ஆள் கேட்டு வரும் வேலை அறிவிப்புகளில் ‘காலநிலைப் பரப்புரைப் பணியாளர்’ என்ற தொடரை அடிக்கடி பார்க்கிறேன். ‘கிளைமேட் அட்வகசி’ என்பதைத்தான் அப்படித் தமிழாக்குகிறார்கள். அண்மையில் ஒரு பயிற்சிக் கையேட்டில் ‘காலநிலை வழக்கறிஞர்’ என்றே அச்சிட்டிருந்தார்கள். அது வெளிப்படையான பிழை, படிப்பவர்களே திருத்திக்கொள்வார்கள். ‘பரப்புரை’ அப்படியில்லை. கேட்பதற்குச் சரியாகவே இருப்பதால் யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை.

லத்தீனில் ‘அத்வொகாரே’ என்றால் பக்கத்தில் வரும்படி அழைத்தல். சிக்கலில் மாட்டிக்கொண்டவர் துணைக்கு அழைத்த ஆள் ‘அத்வொகாதுஸ்’. அந்த வழியில் வந்தவையே ஆங்கில அட்வகேட்டும் அட்வகசியும். இன்னொருவருக்காக அதிகாரம் உள்ளவர் முன் நின்று பேசுவது என்பது அடிப்பொருள்.

இதில் எதையாவது ‘பரப்புரை’ சொல்கிறதா? பிரச்சாரம் என்பதற்கு மாற்றாக வந்த நல்ல சொல் அது. தேர்தல் பரப்புரை என்று நானும் எழுதுகிறேன். தேர்தலில் கட்சி பேசுகிறது, ஊர் கேட்கிறது. அட்வகசியில் ஊர் பேச வேண்டும், அரசு கேட்க வேண்டும். பேச்சின் திசையே வேறு. தவறான சொல்லோடு வேலைக்குச் சேரும் இளைஞர் பேரணி நடத்துகிறார், ஓவியப் போட்டி வைக்கிறார், மரக்கன்று கொடுக்கிறார், அத்துடன் தன் கடமை முடிந்ததாக நினைக்கிறார். இவற்றைக் குறைசொல்லவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னதும், பள்ளிகளில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இயங்குவதும் இத்தகைய விழிப்புணர்வுக்காகத்தான். ஆனால் அது கல்வி. அட்வகசி அதற்கு அடுத்த வேலை.

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு பெரிய தொழில் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாகும். மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை முடிவில் உள்ளூர் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். அந்த 30 நாளில், திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று கணிக்கும் அறிக்கையின் சுருக்கத்தை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பவர், வலை இழுப்பவரின் அனுபவத்தை எழுத்தில் கொண்டுவருபவர், கடைசியில் படிக்கும் தொகுப்பில் அது விடுபட்டால் எழுந்து கேட்பவர்: இவர்தான் நாம் பெயர் தேடும் ஆள். எண்ணூர் மீனவர்கள் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனார்களே, அதைப் பரப்புரை என்று சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகுமா?

‘வக்காலத்து’ என்று சிலர் எழுதுகிறார்கள். அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்து நம் நீதிமன்றங்களில் நிலைத்த சொல். கட்சிக்காரர் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் வக்காலத்து. பேச்சு வழக்கில் ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்’ என்பது ஏச்சு. இந்தப் பணிக்கு அது வேண்டாம். ‘பரிந்துரை’ மிகப் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் மருத்துவரும் ஆணையமும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

‘பரிந்துபேசல்’ என்பதே என் முடிவு. ‘எனக்காகப் பரிந்து பேச யாருமில்லை’ என்று இன்றும் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், புதிதாக விளக்க வேண்டியதில்லை. ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ என்ற குறளில் ‘பரிந்து’ என்பதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள் ‘வருந்தியும்’ என்பது. அன்போடு பாடுபடுதலும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பரிந்து பேசினால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். சாய வேண்டிய வேலைதானே இது! நடுநிலை கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரிடம் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இன்னொன்று. அகராதியைத் திறந்து முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள், அந்தச் சொல் எந்த மேசையில் எந்த மனிதருக்குப் பயன்படப் போகிறது என்று பார்ப்பதில்லை. 2020இல் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மொழி தெரியாமல் கருத்துச் சொல்ல முடியாது என்பதால்தான் அந்த வழக்கே எழுந்தது. அப்படிப் போராடிப் பெறும் தமிழ், படிக்கிறவருக்குப் புரிய வேண்டாமா?

வேலை அறிவிப்பு எழுதுபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பதவியின் பெயரைக் ‘காலநிலைக் கல்வி, பரிந்துபேசல் பணியாளர்’ என்று போடுங்கள். தகுதிகளில், மேடைப் பேச்சுத் திறமைக்கு முன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்திருப்பதையும் ஊர்க் கூட்டத்தில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கத்தையும் சேருங்கள்.