நிறம் போனால் நஞ்சு போய்விடாது

சாயக்கழிவைச் சுத்திகரித்துக் கிடைத்த தெளிந்த நீர் நிரம்பிய புட்டியை மேசைமேல் வைத்து, "வினையூக்கி வேலை செய்துவிட்டது" என்று அறிவிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டி.ஓ.சி. (நீரில் மிஞ்சிய மொத்தக் கரிமக் கார்பன்) அறிக்கை எங்கே? இந்த வாரமும் அதே புட்டி, அதே பெருமிதம். அறிக்கை மட்டும் இல்லை.

சாயத்தின் நிறத்துக்குக் காரணம் ஒளியை உறிஞ்சும் பகுதி. அசோ சாயத்தில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் மறைந்துவிடும். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வீடு காலியாகிவிடுமா? சாய மூலக்கூறின் கார்பன் வளையங்கள் நீரிலேயே கிடக்கின்றன. ஒடுக்க வினையால் (எலக்ட்ரான் ஏற்கும் வினை) பிணைப்பு அறுந்திருந்தால், வளையத்தோடு நைட்ரஜன் இணைந்த அரோமாட்டிக் அமின்கள் உருவாகும். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. கண்ணில் பட்ட மாசு கண்ணில் படாத மாசாக மாறியிருக்கிறது, அவ்வளவே. மெத்திலீன் நீலத்தை வைத்துச் சோதிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: ஒடுக்கமடைந்தால் அது நிறமிழக்கும், காற்றுப்பட்டால் மறுபடி நீலமாகும். சில சமயம் வினையே நடந்திருக்காது. சாயம் வினையூக்கிப் பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். (ஒளியால் இயங்கும் வினையூக்கியானால், விளக்கைப் போடுமுன் இருட்டில் கலக்கி அளக்கச் சொல்வது இதற்குத்தான். அதை நேரவிரயம் என்பவர்களோடு வாதிட எனக்குத் தெம்பில்லை.)

கரிமப்பொருள் கார்பன் டையாக்சைடு வரை உடைந்ததா? அதை நிறமானி சொல்லாது. குரோமியமும் காரீயமும் எந்த வினையூக்கியாலும் அழியாதவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"வெயிலில் வைத்தால் போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. ஒளியால் இயங்கும் வினையூக்கியான அனடேஸ் (ஒரு படிக வடிவம்) வகை டைட்டானியம் டையாக்சைடுக்குச் சுமார் 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் தேவை. வெயிலில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். கலங்கல் நீரில் அதுவும் ஆழத்துக்குப் போகாது. முதலில் வண்டலை நீக்குங்கள்.

இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து மாசைச் சிதைக்கும் ஃபென்டன் முறையில் பி.எச். 3ஐ ஒட்டி இருக்கட்டும்; வெகுவாக ஏறினால் இரும்பு வீழ்படிவாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாராளமாக ஊற்றாதீர்கள். மிகையானால், மாசைச் சிதைக்க உருவாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல்களை அதுவே விழுங்கும். மிச்சமிருக்கும் பெராக்சைடு சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்; அதைச் சிதைத்த பிறகே சோதனைக்குக் கொடுங்கள். வினை முடிந்தபின் தங்கும் இரும்புச் சேற்றைச் சாக்கடையில் தள்ளுவது சுத்திகரிப்பு ஆகாது.

ஒரு வேண்டுகோள். வெளியேற்றுமுன் நச்சுத்தன்மைச் சோதனை ஒன்றையாவது செய்துவிடுங்கள். உலோக வினையூக்கி பயன்படுத்தியிருந்தால், கரைந்து வந்த உலோகத்தையும் அளந்து பாருங்கள். பொடியை வடிகட்டிய நீரில்தான் அதைத் தேட வேண்டும், வடிதாளில் அல்ல.