குப்பை வண்டிக் கட்டணம் ஏறுகிறதா? முதலில் உங்கள் வாளியைத் தூக்கிப் பாருங்கள்

"சார், மாசம் 150 ரூபாய் வாங்கிக்கிட்டிருந்த ஆளு, இப்ப 250 வேணும்ங்கிறாரு. வேற வண்டி ஏதாவது இருந்தா பார்த்துச் சொல்லுங்க."

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு குடியிருப்பு நகரின் நலச்சங்கப் பொருளாளர் போனில் சொன்னது இது. காவிரி டெல்டா நகராட்சிகளில் 26 வருஷம் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குப்பை என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். இதே புகாரோடு இந்த வருஷம் வந்த நான்காவது போன் அது. நான்கு இடத்திலும் கேட்டது ஒன்றுதான்: இதைவிடக் குறைவாக எடுக்க யார் இருக்கிறார்கள்? குப்பை எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தனியார் வண்டி ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் 2014-லும் கும்பகோணம் 2021-லும் மாநகராட்சி ஆகின. ஆனால் வீடுகள் எல்லைக் கோட்டைப் பார்த்து எழுவதில்லை. நேற்று வரை நஞ்சையாக இருந்த இடத்தில் மனை போட்டு நகர் நகராகப் பெருகிவிட்டன. மாநகராட்சி வண்டி எல்லையோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள்தான். பழைய நாலு தெருவுக்கு என்று வைத்த ஆட்களும் மூன்று சக்கர வண்டியும், புதிதாக முளைத்த முந்நூறு வீட்டுக்குப் போதுவதில்லை. அப்போது சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கும் யாராவது "நான் எடுக்கிறேன்" என்று வருகிறார். அப்படி வந்தவர்தான் இந்த நகரின் வண்டிக்காரரும்.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். மொத்தம் 340 வீடு. அதில் முப்பது வீடு ஒழுங்காகப் பணம் தருவதில்லை. வண்டியை அவரே ஓட்டுகிறார், கூட இரண்டு பெண்கள். அவருக்கு ஒரு நாளைக்கு 600, அந்தப் பெண்களுக்குத் தலைக்கு 500. மாதம் 26 நாளுக்கு 41,600 ரூபாய். டீசல் நாளைக்கு ஆறு லிட்டர், மாதம் சுமார் 14,500. வண்டித் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 16,000. கொட்டும் இடத்தில் எடை பார்த்து வாங்கும் பணம் 5,000. ஆக 77,100.

பணம் தரும் 310 வீட்டிலும் 250 ரூபாய் வாங்கினால் 77,500 வருகிறது. 150 ரூபாய் என்றால் 46,500. கூலி போக மிஞ்சுவது 4,900 ரூபாய், அது டீசலில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும்.

"அப்ப இத்தனை நாள் 150-க்கு எப்படிய்யா ஓட்டினே?" என்று பொருளாளர் கேட்டார். நல்ல கேள்வி. வண்டிக்காரர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்துவிட்டு, "பக்கத்துலயே ஒரு செங்கச்சூளைப் பள்ளம் இருந்துச்சு சார்" என்றார். மூன்று கிலோமீட்டர்தான். கேட்பார் இல்லை, கொட்டினார். பள்ளம் நிரம்பியது, பக்கத்துத் தெருவில் அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது, ஊர்க்காரர்கள் வண்டியை மறித்துவிட்டார்கள். இப்போது அவர் போவது 14 கிலோமீட்டர் தள்ளி உள்ள உரக்கிடங்குக்கு, அதாவது குப்பைக் கிடங்குக்கு. அங்கே காசு கொடுத்துத்தான் கொட்ட வேண்டும். அதுவும் ஒரே நடையில் முடிவதில்லை, தினமும் இரண்டு நடை.

இந்த இரண்டாவது நடை எதற்கு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் காலை ஆறரைக்குக் கையில் ஒரு தொங்கு தராசோடு வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. ஒரு வீட்டு வாசலில் மூடி இல்லாத நீல வாளி. வண்டியில் வேலை செய்யும் அம்மா ஒருவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கி இடுப்பில் ஏற்றினார். நான் வாங்கித் தராசில் மாட்டினேன். நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாளிக்குள் பழைய சோறு, மிஞ்சிய சாம்பார், முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பழத்தோல், டீத்தூள், இரண்டு பால் கவர், காலியான மாத்திரை அட்டை. இதெல்லாம் போக, ராத்திரி பெய்த மழைத் தண்ணீர். அந்த வீட்டில் ஒரு பழைய அரிப்பை வாங்கி வாளியைச் சாய்த்து வடித்தேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்கியது. அதன் நாற்றத்தை எழுத முடியாது. அந்த அம்மாவின் சேலை முழுக்க அந்த நாற்றம்தான் தினமும்.

எல்லா வாளியிலும் ஒரு லிட்டர் இருக்காது. அரை லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 340 வீட்டுக்கு 170 கிலோ வெறும் தண்ணீர். குட்டி யானையில் ஏற்றக்கூடிய சுமை ஏறக்குறைய முக்கால் டன்தான். வடித்த பிறகும் சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான், காய்கறி என்பதே அதுதானே. அப்படியானால் இந்த வண்டி தினமும் 14 கிலோமீட்டர் டீசல் போட்டு எதைச் சுமக்கிறது? காவிரித் தண்ணீரைத்தான். நாம் மோட்டார் போட்டு ஏற்றிச் சமைத்துச் சாப்பிட்ட மிச்சத்தைக் காசு கொடுத்து வண்டியில் அனுப்புகிறோம்.

ஈரம் இன்னொரு வகையிலும் காசைத் தின்கிறது. சாம்பாரில் நனைந்த அட்டையைப் பழைய இரும்புக் கடைக்காரர் தொடமாட்டார். அதே அட்டை காய்ந்து வந்தால் அந்தப் பெண்களுக்கு அன்றைக்கே நாலு காசு. பிஸ்கட் கவர், சிப்ஸ் கவரை எந்தக் கடையிலும் எடுப்பதில்லை. ஆனால் சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகப் போடலாம், அனுப்பவும் செய்கிறார்கள். சோறு ஒட்டியிருந்தால் அதுவும் நேராகக் கிடங்குக்குத்தான்.

கிடங்கு என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூரில் ஜெபமாலைபுரம் பக்கமோ கும்பகோணத்தில் கரிக்குளம் பக்கமோ போயிருப்பவர்களுக்குத் தெரியும். பல வருஷம் மலையாகக் குவித்ததை இப்போது தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை கொட்டச் செலவு, மறுபடி அதை அள்ளிப் பிரிக்கச் செலவு. இரண்டும் நம் பணம்தான்.

சரி, 250 அதிகம் என்று வேறு வண்டிக்கு மாறிய இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். 120 ரூபாய்க்கு ஒருவர் ஒத்துக்கொண்டார், சங்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வண்டியின் பின்னால் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் போனேன். அதிகாலை இருட்டில் ஒரு பாசன வாய்க்கால் கரையில் நிறுத்தி, தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அடுத்த சில நாளில் கல்லணை திறக்கிறது. தண்ணீர் வருகிற வேகத்தில் கரையில் கிடப்பதெல்லாம் கிளம்பி மதகில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு மதகிலிருந்து கிழிந்த பாய், தலையணை, டயப்பர் மூட்டை என்று மூன்று பேர் இறங்கி இழுத்துப் போட்டதை நின்று பார்த்திருக்கிறேன். கடைமடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று காத்திருக்கும் விவசாயி, நகரில் ஒரு வீடு மிச்சம் பிடித்த 130 ரூபாயைத் தன் வயலில் கட்டிக்கொண்டிருக்கிறார். தெருவிலும் வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை போடக் கூடாது, எரிக்கக் கூடாது, வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. வண்டிக்காரர் கொட்டினாலும் அது நம் வீட்டுக் குப்பைதான்.

அதனால் அந்தப் பொருளாளரிடம் நான் வேறு வண்டி எதையும் சொல்லவில்லை. இரண்டாவது நடையை நிறுத்தப் பாருங்கள் என்றேன்.

நம் ஊருக்கு இது புதிதில்லை. என் அம்மா இருந்தவரை வீட்டில் குப்பை என்று வெளியே போனது உடைந்த கண்ணாடியும் பிய்ந்த செருப்பும்தான். அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து மாட்டுக்கு. காய்த்தோலும் சாம்பலும் கொல்லையில் எருக்குழிக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. இப்போது மாடு இல்லை, பல வீட்டில் கொல்லையும் இல்லை. ஆனால் மாடியில் இரண்டு மண்தொட்டி வைக்க எல்லா வீட்டிலும் இடம் இருக்கிறது.

செய்முறை சுலபம்தான், ஆனால் ஈரத்தில் கவனம் வேண்டும். அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட தொட்டி. கீழே ஒரு சாண் காய்ந்த சருகோ தேங்காய் நார்க்கழிவோ. தினமும் காய்த்தோலை வடித்துப் போட்டு, மேலே அதே அளவு சருகு. முதல் தடவை புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தால் போதும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சருகு போடுங்கள். புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் மக்க வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போட ஆரம்பிக்கலாம். ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். கொல்லை இருக்கிறதே, குழி வெட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி ஊறிவிடும். தரைக்கு மேலே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டுங்கள். சாம்பார், மீன் முள் இருந்தால் நிறைய சருகு போட்டு நடுவில் புதையுங்கள்.

அந்த நகரில் எல்லாரும் கேட்கவில்லை. ஏறக்குறைய பாதி வீடுகள் தொட்டி வைத்தன. மற்றவர்களிடம் நாங்கள் கேட்டது இரண்டே விஷயம்: வடித்துப் போடுங்கள், வாளியை மூடி வையுங்கள். இரண்டு மாதத்தில் இரண்டாவது நடை நின்றது.

இதனால் கட்டணம் பழையபடி 150-க்கு வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம், அப்படிச் சொன்னால் அது பொய். டீசலிலும் கிடங்குக் காசிலும் மிச்சமானது வீட்டுக்கு இருபது ரூபாய் சொச்சம்தான். பெரிய லாபம் நேரத்தில் கிடைத்தது. மிச்சமான நேரத்தில் அவர் பக்கத்து நகரில் 90 வீட்டை எடுத்துக்கொண்டார். வண்டித் தவணையும் இன்சூரன்ஸும் பணம் தரும் 400 வீட்டுக்குப் பங்கானது. கட்டணம் 210-க்கு இறங்கியது, அந்தப் பெண்களின் கூலி 550-க்கு ஏறியது. கூலி ஏறாமல் கட்டணம் மட்டும் குறைவதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன்.

உங்கள் நகரிலும் பேச்சு வந்தால், தொகையைப் பேசுவதற்கு முன் கிடங்கின் எடைச்சீட்டைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை சங்கத்தில் யாராவது வண்டியோடு போய் எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கையுறையும் மழைக்கோட்டும் யார் வாங்கித் தருவது என்பதை எழுதி வையுங்கள். ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறீர்கள், அதனால் இன்னும் கூடுதலாகத் தூய்மைக் காவலர்களைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. புது நகர்க்காரர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. போய்த் தீர்மானத்தில் எழுத வைத்தால்தான் ஊராட்சிக்கும் மேலே கேட்க ஒரு காகிதம் கிடைக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடு இப்போது குறைவு. இன்சுலின் ஊசியைக் கழிவறைப் பையோடு சுருட்டிப் போடுகிறார்கள். அன்றைக்கு என்னோடு நடந்த அம்மாவின் வலது கட்டைவிரலில் ஊசி ஏறிய இடத்தைக் காட்டினார். "எந்த வீட்டு ஊசின்னு தெரியலைங்கய்யா, பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்றார். முடிவு தெரிகிற வரை வீட்டில் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டவில்லையாம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, மூடி இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.

டயப்பர்தான் இன்னும் அந்த வண்டியில் கனக்கிறது. மக்காது, எரிக்கவும் கூடாது. பிரிக்காமலே அடையாளம் தெரியும்படி செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் எண்ணியபோது பதினெட்டு வீட்டில் வட்டம் இருந்தது.