லிங்கனைக் காட்டி அப்பீல் போட வராதீர்கள்

போன வாரம் என் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு கட்சிக்காரர் வந்தார். அண்ணன் தம்பிக்குள் இரண்டரை அடி சந்து, பதினொரு வருட வழக்கு. முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட் அப்பீலிலும் தோற்று, இப்போது ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது மேல்முறையீடு போட வேண்டுமாம். முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அங்கே எடுப்பார்கள், இதில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். உடனே போனை நீட்டினார். "ஆபிரகாம் லிங்கன் எத்தனை தடவை தோத்தார் பாருங்க சார், விட்டாரா?" இந்த வருடத்தில் அதே பட்டியலை என் மேஜையில் நீட்டிய மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வாட்ஸ்அப் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். 1832இல் தேர்தல் தோல்வி, அடுத்து வியாபாரத்தில் நஷ்டம், செனட் (நாடாளுமன்ற மேல்சபை) தோல்வி, மறுபடி செனட் தோல்வி, 1860இல் ஜனாதிபதி. சரி, நடுவில் எதை விட்டார்கள்? 1834, 1836, 1838, 1840 என்று நான்கு முறை தொடர்ந்து இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஜெயித்ததை விட்டுவிட்டார்கள். 1846இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஜெயித்ததையும் பல பட்டியல்களில் காணோம். 1832இல் தோற்றபோதுகூட, அவர் குடியிருந்த நியூ சேலத்தில் பதிவான 300 ஓட்டில் 277 அவருக்குத்தான் விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, 1836 செப்டம்பரில் வக்கீல் உரிமம் வாங்கி, கிட்டத்தட்ட 25 வருடம், ஐயாயிரத்துக்கும் அதிகமான வழக்குகளைப் பார்த்த மனிதர் அவர். மாநில உச்ச நீதிமன்றத்தில் மட்டுமே முந்நூறுக்கு மேல். இவ்வளவு ஓடிய ஆபீஸை வைத்திருந்தவரையா தோல்வியின் உருவம் என்கிறீர்கள்?

1855 செனட் 'தோல்வி'யைக் கொஞ்சம் பாருங்கள். அப்போது செனட்டரை மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் லிங்கன் முன்னணி. லைமன் ட்ரம்புல் என்பவருக்கு ஐந்தே ஓட்டு, ஆனால் அந்த ஐந்து பேரும் அசையவில்லை. சுற்று மேல் சுற்றாகப் போய், அடிமை முறையைப் புதிய பிரதேசங்களுக்குள் விட வழி செய்த சட்டத்தின் பக்கம் நின்றவர் ஜெயித்துவிடுவார் என்ற நிலை வந்தது. லிங்கன் தன் ஆட்களைக் கூப்பிட்டு, தன்னைப் போலவே அந்தச் சட்டத்தை எதிர்த்த ட்ரம்புல்லுக்குப் போடச் சொன்னார். ட்ரம்புல் ஜெயித்தார். என் கணக்கில் இது தோல்வியே இல்லை, ராஜி. எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்தவன் செய்கிற ராஜி.

கட்சிக்காரர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் லிங்கன் கதை அவர் அப்பாவிலிருந்து தொடங்குகிறது. கென்டக்கியில் மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லி எழுதிய பத்திரங்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். உரிமையும் அளவும் சரியில்லாமல் நிலத்தை இழந்து, 1816இல் அந்தக் குடும்பம் இந்தியானாவுக்குப் போனது. அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியமான காரணம் நிலப் பத்திரச் சிக்கல்தான் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார். மொத்தத்தில் ஒரு வருடம்கூடப் பள்ளிக்கூடம் போகாத அந்தப் பையன் பெரியவனாகி முதலில் சர்வேயர் ஆனார், அப்புறம் புத்தகங்களைத் தானே படித்து வக்கீல் ஆனார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபீஸ். வருடத்துக்கு இரண்டு முறை, நீதிபதி டேவிட் டேவிஸும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் கோர்ட் நடத்துவார்கள். சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல் படுக்கும் காலம் அது. லிங்கன் காகிதங்களை உயரமான தொப்பிக்குள் வைத்திருப்பார். பெரும்பாலும் கடன் வசூல் வழக்குகள். அவரைச் சாமியாக்கவும் வேண்டாம், 1847இல் அடிமைகளை வைத்திருந்த ஒருவருக்காகவும் வாதாடியிருக்கிறார், தோற்றார்.

1858இல் பியர்ட்ஸ்டவுனில் ஒரு கொலை வழக்கு. இரவு பதினோரு மணி வாக்கில், நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து, நல்ல நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் அவரை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து ஜூரிகளிடம் நீட்டினார். அந்த நேரத்தில் நிலா அடையப் போகிற நிலையில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. பீஸ் வாங்கவில்லை, பழைய சிநேகிதர் வீட்டுப் பையன். என் ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வது இதைத்தான்: காகிதத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திற.

இளம் வக்கீல்களுக்காக அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. வழக்குப் போடுவதை ஊக்குவிக்காதே, அக்கம்பக்கத்தாரை முடிந்தவரை சமாதானத்துக்குக் கொண்டுவா, பேருக்கு ஜெயித்தவன் செலவிலும் நேரத்திலும் உண்மையில் தோற்றவனாக இருப்பதை எடுத்துச் சொல் என்கிறார். இந்த மனிதரின் பேரைச் சொல்லித்தான் சந்துக்கு ஹைகோர்ட் போகிறேன் என்கிறீர்கள்!

தயவுசெய்து அந்தப் பட்டியலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். மகனின் தலைமை ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சுற்றும் கடிதத்தையும்தான், அது அவருடைய தொகுக்கப்பட்ட எழுத்துகளில் எங்கேயும் இல்லை. நிலம் வாங்கினால் மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து, நான்கு பக்க எல்லையையும் அளவோடு எழுதுங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். "நமக்குள்ள என்ன" என்று விட்டதுதான் பதினொரு வருடம் ஓடியது. வழக்கு நிலுவையில் இருந்தால் லோக் அதாலத், அதாவது சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றம், கேளுங்கள். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் அப்பீலும் கிடையாது.

அந்த அண்ணனிடம் ஒன்று கேட்டேன். தம்பியிடம் நேரில் கடைசியாகப் பேசியது எப்போது? யோசித்தார், அம்மா காரியத்தில் என்றார். அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கிறது ஐயா, வழக்குக் கட்டு என்னிடமே இருக்கட்டும், முதலில் தம்பியைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதானால் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஆபீஸைத் திறந்து வைக்கிறேன்.