தையலை ஒட்டிக் கிழியும் பழைய சேலை

பழைய பருத்திச் சேலையில் தைத்த பையோ தலையணை உறையோ சில மாதங்களில் கிழியும்போது, கிழிசல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் ஒன்று புலப்படும். தைத்த நூல் அறுவதில்லை, தையல் பிரிவதுமில்லை. தையலுக்கு ஓர் இழை தள்ளி, அதற்கு இணையாகத் துணிதான் விட்டுப்போகிறது. தைத்தவரின் கைக்குறை என்று சொல்லிவிடுவது வழக்கம்; பெரும்பாலும் அப்படியில்லை. தையல் துணியைவிட வலுவாக அமைந்துவிட்டதே காரணம். இழுவிசை வரும்போது இரண்டில் எது நலிந்ததோ அதுதான் முதலில் போகும். ஆகவே பழைய துணியில் தைப்பவர், கையிலிருக்கும் துணி எந்த அளவுக்கு நலிந்திருக்கிறது என்பதையும், அந்த நலிவுக்கு ஏற்பத் தையலை எப்படி இளக்குவது என்பதையும் கத்தரியை எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய துணிக்குப் பஞ்சமில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் ஆச்சியின் சேலைகள் இருக்கும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரின் மூட்டையில் ஊரார் சேலைகள் இருக்கும். அப்படி ஒரு மூட்டையைப் பிரித்தால் நயமான கைத்தறிப் பருத்தி, காஞ்சிபுரம் பட்டு, வீரவநல்லூர் செடிபுட்டா, 1983-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் பொங்கலுக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சேலை, பாலியெஸ்டர் என்று எல்லாம் கலந்து வரும். இவை அனைத்தும் ஒரே வயதுடையவையாக இருந்தாலும், ஒவ்வொன்றும் முதுமை அடையும் வழி வேறு.

எனவே முதல் வேலை, நார் எது என்று அறிவது. ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்றையும் குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றையும் தனித்தனியே உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்து எரித்துப் பார்க்கலாம். இரண்டையும் தனித்தனியே பார்ப்பது முக்கியம். பாவில் ஒரு நாரும் ஊடையில் வேறொரு நாரும் இருக்கும் துணிகள் ஏராளம். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாக உதிரும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியபின் நசுக்க முடியாத மணியாக இறுகும். இந்தச் சோதனை ஏமாறும் முக்கியமான இடம் ஒன்று உண்டு: செயற்கைப் பட்டு என்று நாம் அழைக்கும் விஸ்கோஸ் ரேயானும் பருத்தியைப் போலவே எரியும். இரண்டுமே செல்லுலோஸ், விஸ்கோஸ் என்பது மரக்கூழைக் கரைத்து மறுபடியும் இழையாக்கியது.

பருத்தி நாரில் 90 விழுக்காட்டுக்கு மேல் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கைகோத்த நீண்ட சங்கிலிகளாக அது அமைந்திருக்கிறது. நாரின் வலு இந்தச் சங்கிலிகளின் நீளத்தில்தான் இருக்கிறது. அமிலம் பட்டால் அலகுகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் நீரால் பிளவுபடுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் வேறு வழியில் அதே வேலையைச் செய்கின்றன. சங்கிலிகள் குட்டையாகும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. நிறம் அப்படியே இருக்கும். நெசவு குலையாமல் இருக்கும். கை வைத்தால் முன்னைவிட மிருதுவாகக்கூட இருக்கும். பெட்டியில் வைத்த வெள்ளைத் துணி பழுப்பேறுவது இந்தச் சிதைவின் ஒரு வெளி அடையாளம். சாயம் போட்ட துணியில் அந்த அடையாளமும் மறைந்துவிடுகிறது.

டிரங்குப் பெட்டியின் துரு இதில் தனிக் கவனத்துக்கு உரியது. துணியில் படிந்த துருக்கறையை அழுக்கு என்று எண்ணுகிறோம். இரும்பு அயனிகள் செல்லுலோஸின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுவதால், கறை பட்ட இடத்தில் துணி மற்ற இடங்களைவிட வேகமாக நலிகிறது; சில ஆண்டுகளில் கறையின் வடிவத்திலேயே ஓட்டை விழுவதும் உண்டு. இரும்பைக் கொண்டு கறுப்பு ஏற்றிய பழைய அச்சுத் துணிகளில் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்துபோவதற்கும் இதுவே காரணம். எலுமிச்சைச் சாறு துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாற்றை முழுவதும் அலசாமல் காயவைத்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியையும் ஓட்டினால், எஞ்சிய அமிலம் சங்கிலிகளை அறுக்கும் வேலையைத் தொடங்கிவிடும். துருக்கறை உள்ள பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

நூலின் பருமனும் துணியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கழிகள்) எத்தனை அடங்கும் என்பதே நூலின் நம்பர். நம்பர் கூடினால் நூல் மெலிகிறது. 100-ஆம் நம்பர் இழையின் குறுக்குவெட்டில் இருக்கும் நார்களைப் போல இரண்டரை மடங்கு நார்கள் 40-ஆம் நம்பர் இழையில் இருக்கும். அவற்றில் சில அறுந்தாலும் மீதி தாங்கும். கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை நார் கொண்டது. அதில் மெல்லிய நூல் நூற்க வராது. தடித்த நூலும் முரட்டுத் துணியும்தான் வரும். நயமான துணியே நாள்பட உழைக்கும் என்று நினைப்பவர்கள், பெட்டியின் அடியில் கிடக்கும் முரட்டு விரிப்பையும் மேலே இருக்கும் மெல்லிய சேலையையும் அடுத்தடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும்.

நலிவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓரத்திலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு இழைகளை உருவிக்கொள்ளுங்கள். ஒன்றை உலர்ந்தபடியே இரு கைகளாலும் இழுத்து அறுத்துப் பாருங்கள். மற்றொன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பிறகு அதே போல அறுங்கள். நல்ல பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை அதிக விசையைத் தாங்கும். தண்ணீர் நாருக்குள் புகுந்து அதை உப்பச் செய்வதால், இழுவிசை ஒரு சில சங்கிலிகளில் குவியாமல் பலவற்றுக்கும் பகிர்ந்து செல்வதே இதற்குக் காரணம். சங்கிலிகள் ஏற்கெனவே குட்டையாகிவிட்ட பழைய பருத்தியில் இந்தக் கூடுதல் வலு மறைந்துவிடுகிறது. நனைந்த நாருக்குள் துண்டுச் சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கி விலகுவதால், ஈர இழை உலர்ந்த இழையைவிட எளிதாக அறும். விஸ்கோஸ் புதிதாக இருக்கும்போதே நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழந்துவிடும். ஆக ஈர இழை சட்டென்று அறுந்தால், அது விஸ்கோஸாக இருக்க வேண்டும் அல்லது நலிந்த பருத்தியாக இருக்க வேண்டும். தைப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு அந்தத் துணி உதவாது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையை இங்கே சொல்ல வேண்டும். சௌராஷ்டிர நெசவாளர்கள் செயற்கைப் பட்டையும் பருத்தியையும் கலந்து நெய்வது அது. பழைய செடிபுட்டா ஒன்று கிடைத்தால் அதன் பாவையும் ஊடையையும் தனித்தனியே நனைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தாங்கும், மற்றொன்று தாங்காது என்ற நிலை வரலாம். அத்தகைய துணியைப் பிழியாமல், முறுக்காமல், கைகளில் ஏந்தி எடுத்து விரித்துக் காயவைத்தால் புட்டாக்கள், அதாவது துணியில் நெய்த சிறு பூ வடிவங்கள், நெடுநாள் இருக்கும்.

பட்டின் கதை நேர் எதிரானது. பட்டு ஃபைப்ராயின் என்னும் புரதம். பருத்தியை வருத்துவது அமிலம். பட்டை வருத்துவது காரம். துணி சோப்பும் சலவைப் பொடியும் காரமானவை என்பதால், அவற்றில் துவைத்த பட்டு ஒவ்வொரு துவைப்பிலும் சற்றே தேய்கிறது. இயற்கை நார்களில் வெளிச்சத்துக்கு மிக எளிதில் நலிவதும் பட்டே. ஜரிகை அசலாக இருந்தால், பட்டு இழையைச் சுற்றி வெள்ளித் தகடும் அதன்மேல் பொன் முலாமும் இருக்கும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சேலையில் அந்தத் தகடு மடிப்புக் கோட்டில் திரும்பத் திரும்ப வளைந்து வெடிக்கிறது. வெடித்த விளிம்பு அடியிலுள்ள பட்டை அறுக்கிறது. பட்டுச் சேலையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்கச் சொல்வது இதனால்தான். பிளாஸ்டிக் படலத்தால் ஆன ஜரிகை கறுக்காது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் சுருங்கிவிடும்.

ஒரே சேலையிலும் வலு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. தரையில் உரசும் கீழ்க்கரை, கொசுவம் செருகும் இடுப்புப் பகுதி, பின் குத்தும் தோள்பகுதி ஆகியவை முதலில் போகும். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நகர்த்தினால் இழை மெலிந்த இடங்கள் வெளிறித் தெரியும். அவற்றைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, மீதியில்தான் அளவு போட வேண்டும். புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைக்கும் பழக்கமும் இதில் எதிர்பாராத துணை செய்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் வெயிலில் வெளிறிப்போகும். சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். மூட்டையிலிருந்து எடுத்த சேலையில் அந்தப் பொட்டு இன்னும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால், அந்தச் சேலை வெயிலையும் சோப்பையும் அதிகம் காணாமல் பெட்டியிலேயே வயதானது என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட சேலையில் தேய்மானத்தைத் தேடுவதைவிட மடிப்புக் கோடுகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இனி தையல். ஊசி துணிக்குள் இறங்கும்போது இழைகளை விலக்கிக்கொண்டு போக வேண்டும். முனை மழுங்கிய ஊசியும் தடித்த ஊசியும் இழைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. காலால் மிதிக்கும் மிஷின்களில் 14 அல்லது 16-ஆம் நம்பர் ஊசியை மாட்டி வைத்திருப்பது வழக்கம். பழைய மெல்லிய பருத்திக்கு 9 அல்லது 11-ஆம் நம்பர் புது ஊசி போதும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்ற எண்ணம் புதுத்துணிக்குச் சரி. நலிந்த துணியில் நெருக்கமான தையல் என்பது தபால்தலையின் ஓரத்தில் குத்திய துளைகளைப் போன்றது. கிழிய வேண்டிய கோட்டை நாமே குறித்துக் கொடுக்கிறோம். அங்குலத்துக்கு 12 தையல் விழும் இடத்தில் 8 தையல் விழும்படி, அதாவது தையலுக்கு 3 மில்லிமீட்டர் வீதம், மிஷினைத் திருகி வைப்பது பொருத்தம். நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும். பாலியெஸ்டர் நூல் எளிதில் அறாது என்பதுதான் இங்கே குறை: இழுவிசையில் அது துணியை அறுக்கும். பருத்தி நூல் அறுந்தால் மறுபடியும் தைக்கலாம். துணி அறுந்தால் தைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கிழிசல் பரவும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. கிழிசலின் நுனியில் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. தளர்ந்த நெசவில் நுனியிலுள்ள இழைகள் நகர்ந்து ஒன்றுகூடி, விசையைச் சேர்ந்து தாங்குகின்றன. அதனால் கிழிசல் தயங்குகிறது. கஞ்சியில் விறைத்த துணியில் இழைகளுக்கு நகர இடமில்லை. தனித்தனியே நின்று, தனித்தனியே அறுகின்றன. வெட்டும்போது துணி வழுக்காமல் இருக்க இலேசாகக் கஞ்சி போடுவது உதவும். தைத்து முடித்தபின் அதை அலசி எடுத்துவிட வேண்டும். கஞ்சியோடு பெட்டிக்குள் போனால் அதைத் தின்ன ராமபாணப் பூச்சியும் வரும். ஜவுளிக்கடையில் செய்வதுபோலச் சிறிது வெட்டிவிட்டுப் பர்ரென்று கிழிப்பது பழைய துணிக்கு ஆகாது. ஓர் இழையை உருவி, அது விட்ட தடத்தில் கத்தரியை ஓட்டலாம்.

விசையைப் பகிர்ந்துகொள்ள அடித்துணி கொடுப்பது எல்லாவற்றிலும் சிறந்த உபாயம். பழைய துணிக்கு அடியில் அதைவிடச் சற்றே வலுவான, ஏற்கெனவே துவைத்த மெல்லிய துணியை வைத்து, இரண்டையும் நீண்ட ஓட்டுத் தையலால் பல வரிசைகளில் இணைத்தால், இழுவை ஒரு கோட்டில் விழாமல் பரப்பு முழுவதும் பரவுகிறது. அடித்துணி கோடித் துணியாக இருக்கக் கூடாது. தறியில் இழுத்துப் பிடித்தபடி நெய்யப்பட்ட இழைகள் முதல் சில துவைப்புகளில் தளர்ந்து சுருங்கும். பல நூறு முறை துவைத்த சேலையோ சுருங்கி முடித்துவிட்டது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் புதியது சுருங்கும்போது பழையதை இழுத்துக் கிழிக்கும். பைக்குக் காது வைப்பவர்கள் சேலையின் நீளவாக்கில் துண்டு வெட்ட வேண்டும். முறுக்கேறிய பாவு இழைகள் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. பத்தமடைப் பாயின் ஓரத்துக்குத் துணி வைப்பதென்றால் கிராஸ் கட்டாக வெட்டிய பட்டை நல்லது. மூலைவிட்டத்தில் இழைகள் கத்தரி போல விரிந்து கொடுப்பதால், மூலை திரும்பும் இடத்தில் அது சுருக்கமின்றிப் படியும்.

பிள்ளைகளுக்குத் தைப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் திண்மத்திலிருந்து நேரே ஆவியாகித் துணியில் ஏறுகிறது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள்காமாலையையும் இரத்தசோகையையும் உண்டாக்கக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டு என்பது வீட்டாருக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. பாச்சை உருண்டையோடு கிடந்த சேலையைப் பச்சிளங்குழந்தைக்கு எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. மற்ற பழைய சேலைகளையும் நன்றாகத் துவைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்திய பிறகே குழந்தைக்கு விரிக்க வேண்டும். தூளி கட்டும் சேலை குழந்தையின் முழு எடையையும் ஒரு முடிச்சில் தாங்குகிறது. ஈர இழைச் சோதனையில் தோற்ற சேலையில் தூளி கட்டக் கூடாது.