தானியத்துக்குக் கதவு திறந்தது, வெண்ணெய் கப்பலேறியது

1870-களில் ஐரோப்பாவின் தானியச் சந்தை ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் உட்பகுதி வரை ரயில் போய்விட்டது, நீராவிக் கப்பல்களில் சரக்குக் கட்டணம் இறங்கிவிட்டது. ஐரோப்பிய விவசாயிக்குக் கட்டுப்படியாகாத விலையில் வெளிநாட்டுக் கோதுமை வந்து குவிந்தது. ஜெர்மனி 1879-ல் இறக்குமதி வரி போட்டது. 100 கிலோவுக்கு 1 மார்க் என்று தொடங்கிய வரி 1887-ல் 5 மார்க் ஆனது. பக்கத்து நாடான டென்மார்க்கோ தானியத்துக்கு வரி போடவில்லை. இத்தனைக்கும் அதுவரை தானியத்தை ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு அது.

இது எப்படிக் கைகொடுத்தது? தானிய விலையை மட்டும் பார்த்தால் புரியாது. தானியம் சரிந்த அளவுக்கு வெண்ணெயும் பன்றியிறைச்சியும் சரியவில்லை. தானியத்தை விற்பவருக்கு இது நஷ்டம். அதையே மாட்டுக்கும் பன்றிக்கும் போடுபவருக்குத் தீவனச் செலவு குறைந்துவிட்டது, லாபம் விரிந்தது. டேனிஷ் விவசாயிகள் விற்கும் பக்கத்திலிருந்து வாங்கும் பக்கத்துக்கு நகர்ந்தார்கள். தானியத்தையும் பிண்ணாக்கையும் இறக்குமதி செய்து, வெண்ணெயாகவும் பேக்கனாகவும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி) பிரிட்டனுக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டன் ஏன் வாங்கியது என்பதும் இதே கணக்கில் வருகிறது. அங்கே தானிய இறக்குமதிக்கு வரி போட்டுத் தடுத்துவந்த ‘தானியச் சட்டங்கள்’ 1846-லேயே ரத்தாகிவிட்டன. அமெரிக்கக் கோதுமை வந்ததும் ரொட்டி மலிந்தது. கூலியில் கணிசமான பகுதியை ரொட்டிக்கே கொடுத்துவந்த ஆலைத் தொழிலாளியின் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. மிஞ்சிய காசு வெண்ணெய்க்கும் பேக்கனுக்கும் போனது.

சரி, சின்னச் சின்னப் பண்ணைகளால் ஏற்றுமதித் தரத்தில் வெண்ணெய் எடுக்க முடியுமா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய முறையில் பாலை ஆறவைத்து, ஏடு தானாக மேலே வரக் காத்திருக்க வேண்டும். பல வீட்டுப் பாலைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து கலந்தால் அது சரிவராது. 1878-ல் ஸ்வீடனின் கஸ்தாவ் டி லாவல், பாலை வேகமாகச் சுழற்றி நிற்காமல் கிரீம் பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அப்புறம் யாருடைய பாலும் ஒரே இடத்துக்கு வரலாம். 1882-ல் டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்துப் பகுதியில் உள்ள ஹியெடிங்கில் முதல் கூட்டுறவு பால் சங்கம் தொடங்கியது. 1900 வாக்கில் இப்படிப்பட்ட சங்கங்கள் ஆயிரத்தை எட்டிவிட்டன. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் இருபது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு என்பதே வழக்கமான விதி. கொழுப்பு எடுத்த பால் உறுப்பினரின் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பன்றிகளுக்குத் தீவனமானது.

1887-ல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளுக்குக் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு டென்மார்க்கின் ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடம் திறந்தது. உயிரோடு போன பன்றிகளுக்குப் பதிலாக, பேக்கன் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனது.

ஜெர்மனியின் வரியையும் இங்கே யோசித்துப் பார்க்க வேண்டும். கிழக்கே பெருநிலக்காரர்களின் தானியத்தைக் காக்கப் போட்ட வரி, தீவனத்தை விலைக்கு வாங்கிப் பன்றி வளர்த்த சிறு விவசாயியின் தலையிலும் விழுந்தது. இறக்குமதிக்குப் போடும் வரி கடைசியில் ஏற்றுமதிக்குப் போட்ட வரியைப் போலவே வேலை செய்யும் என்று பொருளியலாளர் ஆப்பா லெர்னர் 1936-ல் நிறுவினார். வெளிநாட்டார் நம்மிடம் விற்றுச் சம்பாதித்தால்தான் நம்மிடம் வாங்க அவர்களிடம் பணம் இருக்கும்.

திறந்த சந்தையை ஆதரிப்பவர்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. கோதுமையை மட்டும் நம்பியிருந்த கிழக்கு இங்கிலாந்துப் பண்ணைகள் இதே விலைச் சரிவில் நொடிந்தன. வேலை போன கூலிகளுக்கு மலிந்த ரொட்டி ஆறுதல் ஆகாது. டென்மார்க்கில் மாறிக்கொள்ள வழி இருந்தது. 1814 முதலே பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி இருந்ததால், பால் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் படித்துக் கேள்வி கேட்கச் சிறு விவசாயிக்கும் முடிந்தது.